நாற்பது மூச்சு

— ...பை கட்டி வெச்சிட்டேன், அக்கா. நீங்களே வந்தது நல்லதா போச்சு. நாளைக்கு நானே அரக்கோணம் வந்து ஹெப்சிய உங்ககிட்ட விடலாம்னு இருந்தேன்.

— இன்னா தம்பி இது! இன்னும் செருப்பக் கூட கழட்டல நானு. அதுக்குள்ள பையத் தூக்கிக் கையில குடுக்கிற?

— துணி நாலு செட்டு. இருமல் மருந்து. அவ போத்திக்கிற துண்டு.

— மொதல்ல தண்ணி குடு. கிருத்திகை கூட்டம், வழி பூரா ரயில்ல ஒத்தக் கால்ல நின்னுகினு வந்தேன். எங்க கொழந்த?

— எதிர் வீட்டு மணியம்மைகிட்ட. விளையாடறா.

— தோ பாரு ஜெபா. எந்தங்கச்சி பெபி செத்துப் போயி எட்டு மாசம் ஆவுது. எட்டு மாசமா மூணு வயசுப் பொண்ண ஒத்த ஆளா வளக்கிற. எங்க சபையில இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? ஏம்மா தேவசுந்தரி, உன் தங்கச்சி வூட்டுக்காரரு மாதிரி பொறுமை யாருக்கும்மா வரும்னு பாஸ்டரம்மாவே கேக்கறாங்க.

— பொறுமை இல்லக்கா அது.

— பின்ன? ஹெப்சி போற நர்சரி ஸ்கூல்ல சின்னப் பசங்கள பெத்தவங்களுக்குன்னு தியான கிளாஸ் வெச்சாங்களே, அதுல நீ தான் பர்ஸ்ட்டுன்னு யோகலட்சுமி டீச்சர் எனக்கே சொன்னாங்க. மத்ததுங்க எல்லாம் பத்து மூச்சுல கண்ணத் தொறந்துடுதுங்களாம். நீ நாப்பது எண்ணி முடிக்கிற வரைக்கும் அசையவே மாட்டியாம்.

— ஆங்.

— நான் கூட மொதல்ல பயந்தேன். வேதக்காரப் புள்ள கண்ண மூடிகினு மூச்ச எண்ணலாமான்னு. அப்பறம், போவட்டும், கடல்ல புயல் அடிக்கிறப்ப ஆண்டவரு கூட படகுல தூங்கிகினு தானே இருந்தாருன்னு மனசத் தேத்திகினேன்.

— சீஷனுங்க எழுப்பினதும் அவர் எழுந்தாரு, அக்கா. நான் எழுந்துக்கல.

— இன்னா சொல்ற?

— டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. மலைக் கோயில்ல மைக்கு கத்தும், கீழ ரயில் போவும், எந்தச் சத்தம் வந்தாலும் பிடிச்சி வெச்சிக்காதீங்க, வந்த மாதிரியே போவ விடுங்கன்னு. எனக்கு அது ஈசியா வந்துச்சு.

— சரி?

— புதன்கிழமை காலையில வீட்டுல தியானத்துல உக்காந்திருந்தேன். பதினெட்டாவது மூச்சுல ஹெப்சி, அப்பா பாலுன்னு கூப்பிட்டா. போவ விட்டேன். மறுபடி கூப்பிட்டா. சமையக்கட்டுல ஸ்டூல இழுத்தா. அதையும் விட்டேன். பாத்திரம் விழுந்துச்சு. அழுதா.

— ஐயோ! அடுப்பு மேல இருந்த பாலா?

— காய்ச்சி எறக்கி வெச்சது. இடது கையில, முழங்கைக்குக் கீழ. கட்டு போட்டிருக்கு. ஆழமில்ல, தழும்பு நிக்காதுன்னு டாக்டர் சொன்னாரு.

— அட கர்த்தாவே! நீ ஓடலியா?

— ஓடினேன். நாப்பது முடிச்சிட்டு.

— ஜெபா!

— காது கேக்கலன்னா பரவால்லக்கா. எல்லாம் கேட்டுச்சு. அவ அழுவுறதக் கேட்டுகினே இருபத்தி மூணு, இருபத்தி நாலுன்னு எண்ணினேன். ஒண்ணும் தோணல.

— அடப்பாவி மனுசா... பெபி பொட்டியில கெடந்தப்பவும் இப்டி தானே நின்ன. ஒரு சொட்டு கண்ணீரு வரல. படிச்ச புள்ள, கல்லு மாதிரி தாங்கிகினான்னு நாங்க பேசிகினோம்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன்.

— டீச்சருகிட்ட சொன்னியா?

— சொன்னேன். அழுதுட்டாங்க. கொழந்த கூப்பிட்டா எழுந்துக்கணும்னு கூடவா சார் சொல்லித் தரணும்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லித் தரணும் போல. திங்கக்கிழமை மனநல டாக்டரப் பாக்கறேன். எவ்ளோ நாள் ஆவும்னு தெரியாது. அது வரைக்கும் ஹெப்சி என்கூட இருக்கக் கூடாது.

— அதுக்கு எங்க வூடா?

— உங்க வீட்டுல எப்பவும் சத்தம். நாலு வயசுல இஸ்ரேல் இருக்கான், ரெண்டு வயசுல யோபு. யாராவது விழுந்தா நீங்க போட்டத போட்டபடி விட்டு ஓடுவீங்க. அக்கா கத்தினா தெருவே எழுந்துக்கும், ஆனா கை மட்டும் ஓங்காதுன்னு பெபி சொல்லுவா.

— அவ சொன்னது எப்ப? எனக்குப் புள்ளைங்க பொறக்கறதுக்கு முன்ன.

— அக்கா, எதுக்கு அழுவுறீங்க?

— நேத்து யோபு சோத்தத் துப்பிகினே கீறான். பெரியவன் அத மிதிச்சி வூடு பூரா இழுக்கிறான். அவருக்கு ரயில்வேயில மூணு நாளா டபுள் டூட்டி. நான் கத்திக் கத்தி கொரலே போச்சி. சின்னவனத் தூக்கிகினு போயி பாத்ரூம்ல போட்டு, வெளித் தாப்பா போட்டுட்டேன்.

— எவ்ளோ நேரம்?

— தெரியல. கதவத் தட்டினான். அம்மா அம்மான்னான். அப்பறம் சத்தம் நின்னுடுச்சி. நான் உக்காந்து டீ போட்டுக் குடிச்சேன் தம்பி. சூடா, ஒரு சொட்டு விடாம. அவ்ளோ நிம்மதியா இருந்துச்சி. அந்த நிம்மதிய நெனச்சி இன்னிக்கி டீயே போடல.

— யோபு?

— தொறந்து பாத்தா ஈரத் தரையில தூங்கிகினு கீறான். ராத்திரி பூரா என்னக் கண்டா மூஞ்சியத் திருப்பிகினான்.

— அப்ப நீங்க இன்னிக்கி இங்க வந்தது...

— ஹெப்சிய கூட்டிகினு போவ இல்ல ஜெபா. எனக்குத் தெரிஞ்ச ஒரே பொறுமைசாலி நீ தான்னு, என் ரெண்டையும் உன்கிட்ட உட்டுட்டுப் போவ வந்தேன். தெரு மொனையில ஆட்டோக்காரர பாத்துக்க சொல்லிட்டு வந்தேன், ஆட்டோவுல உக்காந்துகினு கீறானுங்க, துணிப் பையோட.