இந்தப் பக்கம் மேலே

இல்லீங்க தம்பி, நின்னு போகல. நின்னு போன மெசினா இருந்தா நானே பாத்துக்குவேன், இந்த மழையில கம்பியூட்டர உரச் சாக்குல சுத்தித் தோள்ல வச்சுக்கிட்டு மஸ்கெலியா டவுனுக்கு வந்திருக்க மாட்டேன். இது நிக்கவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது. அதான் கோளாறு. நீங்களே காலையில ஒம்போது மணிக்கு, உள்ள இருக்கிற சீடியிலேருந்து ஏத்த ஆரம்பிச்சுவிட்டீங்க, இப்ப பகல் சாப்பாட்டு நேரம் வந்துருச்சு. பாருங்க அந்த நீலக் கோட்ட. நூத்துக்கு நாப்பத்திமூணுன்னு காட்டுதா? எங்க வீட்டுக் காம்பராவுலயும் இதே நாப்பத்திமூணுலதான் குந்திக்கிச்சு. ஒரு தடவ இல்ல, நாலு தடவ. நாலாவது தடவ வேணும்னே ரெண்டு நாள் அப்பிடியே விட்டுப் பாத்தேன். நாப்பத்தஞ்சுக்குப் போச்சு. கொழுந்து லொறிகூட அந்தக் கொண்ட ஊசி வளைவுல இத விட வேகமா ஏறும்.

ஆமா, சிரிங்க. நானும் மொதல்ல சிரிச்சேன்தான்.

கரண்டா? அதத்தான் நானும் மொதல்ல நெனச்சேன். எங்க லயத்துல சாயங்காலம் ஆறு மணியானா பன்னெண்டு வீட்லயும் பல்பு, டீவி, தண்ணி சூடாக்குறதுன்னு எல்லாத்தையும் போட்டுருவாங்க, பல்பு பழுத்த எலுமிச்சங்கா மாதிரி ஆயிரும். சரி, கரண்டு பத்தாமத்தான் தவழுதுன்னு லீவு போட்டுட்டு, எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனப்புறம் காலையில பத்து மணிக்குப் போட்டேன். அப்பவும் நாப்பத்திமூணு. அப்பறம் ஈரமோன்னு சந்தேகம் வந்துச்சு. இந்த மாசம் செவரே ஊறிக் கெடக்குது, மெசினு எம்மாத்திரம்? நான் தேயில ஸ்டோருல ரோலர் ஓட்டுறவன் தம்பி, இருவத்தாறு வருசம். மூடியக் கழட்டி, பெட்டியக் கொண்டுபோயி ட்ரையர் மெசினு பக்கத்துல ஒரு பொழுது வச்சேன். பெக்டரி ஐயா பாத்துட்டு என்ன சோலைமல, கம்பியூட்டரையும் தூளாக்கப் போறியான்னு கேட்டாரு. நல்லாக் காஞ்சுச்சு. போட்டேன். நாப்பத்திமூணு.

ரெம்மா? அது என்னன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் கழட்டித் தொடைச்சுப் போட்டீங்களே, போதும்னு சொன்னீங்க. உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க்கும் நல்லாருக்குன்னு சொல்லிட்டீங்க. அப்ப மெசினு மேல பழி இல்ல. இங்க வாங்க, காத வச்சுக் கேளுங்க. வேகமா சுத்துது... இப்ப வேகத்தக் கொறைக்கிது... கேட்டுச்சா? டொக். டொக். நின்னு, மறுபடி மொதல்லேருந்து. ரோலர்ல ஒரு எடத்துல பல்லு ஒடஞ்சிருந்தா இப்பிடித்தான், ஒரு சுத்துக்கு ஒரு சத்தம் வரும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். சுத்துற எடத்துலதான் என்னமோ இருக்கு.

இல்ல இல்ல, சீடிய வெளிய எடுக்காதீங்க. இருங்க தம்பி. இந்தா, இந்தக் கடுதாசியப் பாருங்க. எம் மக எழுதி வச்சது, தனுஷிகா. கொப்பித் தாளக் கிழிச்சு ஆறு வரி எழுதியிருக்கா. படிக்கவா? ஒன்னு, மெசினப் போட்டவொடனே எப் பன்னெண்ட விடாம அமத்துங்க. ரெண்டு, டிவிடின்னு வரும், அதத் தெரிஞ்செடுங்க. மூணு, தமிழ்னு ஒரு வரி இருக்கும், அதக் கண்டு சந்தோசப்பட்டுட்டு எண்டர் குடுங்க. பாருங்க, குசும்ப. நாலு, அவசரப்படாதீங்க, ஒரு மணி நேரம் எடுக்கும், சாப்பிட்டுட்டு வாங்க. அஞ்சு, முடியிற வரைக்கும் சீடிய வெளிய எடுக்கக் கூடாது, மெசினத் தட்டவும் கூடாது. தட்டவும் கூடாதுன்னு கீழ கோடு போட்டுருக்கா. என்னத் தெரிஞ்சவ.

பென்ட்ரைவா? இருவது நிமிசத்துல முடிஞ்சிருமா? முடியும்தான். நான் முடியாதுன்னு சொல்லல. ஆனா வேணாம் தம்பி. இந்த சீடிலேருந்துதான் ஏத்தணும். கோவிச்சுக்காதீங்க, காலையிலேருந்து ஒங்க மேசையப் புடிச்சு வச்சிருக்கேன், தெரியும். ஒங்க வாப்பா ஹுசைன் நானா ரேடியோ பழுது பாத்த காலத்துலேருந்து இந்தக் கடைக்கி வர்றேன், அவரும் இப்பிடித்தான் பொறுமையா இருப்பாரு.

இந்தப் பெட்டி எப்பிடி வந்துச்சுன்னா, தோட்டத்து ஆபிசுக்குப் புதுசு வந்தப்ப, கிளாக்கர் ஐயா பழச வெளிய போட வச்சிருந்தாரு. எம் மக போயிக் கேட்டு வாங்கிட்டு வந்தா. ஹட்டன்ல கம்பியூட்டர் படிச்சா அவ, ஒன்ற வருசம், தெனம் மொத பஸ்ஸு. இதுல இருந்த பழைய விண்டோஸ் எந்திரிக்கவே இல்ல. அப்பா, பழைய மெசினுக்கு லினக்ஸ்தான் தோதுப்படும்னா. எங்க பக்கம் போன்ல கோடே வராது, எங்க எறக்குறது? படிக்கிற எடத்துல எறக்கி இந்த சீடியில எழுதிக் கொண்டாந்தா. அவளே போட்டுத் தந்திருக்கலாம். மாட்டேன்னுட்டா. அவளுக்குக் கொழும்புல வேல கெடச்சிருந்துச்சு, திங்கக்கெழம போகணும். நீங்களே போடுங்கப்பா, ரோலர் ஓட்டுற ஆளுக்கு இது ஒரு வேலையா, நான் கொழும்புலேருந்து கூப்பிடுறப்ப மெசினு ஓடிக்கிட்டு இருக்கணும்னா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெரும. வெளிய காட்டிக்கல. சரி சரி, பாப்போம்னேன்.

அவளக் கூப்பிட்டுக் கேக்கவா? இல்ல தம்பி, அது... கூப்பிட முடியாது. அத விடுங்க. சீடி சுத்துற பெட்டியோட வயரக் கழட்டி மாட்டணும்னு சொன்னீங்களே, மாட்டிப் பாத்தீங்களா? மாட்டியாச்சா. சரி.

இன்னைக்கே முடியணும் தம்பி, அதுதான் எனக்கு. நாளைக்கு வீட்ல ஒரு காரியம், சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்க. அதுக்கு மின்ன இது ஓடணும். இந்தா, சேப்புல வச்சிருக்கேன், பாருங்க, நெகம் அளவு சிப்பு. மக போன்ல இருந்தது. போன் ஒடஞ்சு போச்சு, சிப்பு தப்பிச்சிருச்சு. இதுல தீவாளிக்கு எடுத்த ஒரு வீடியோ இருக்கு. எங்க வீட்டுக்காரி அழகம்மா அடுப்புக்கிட்ட ஒக்காந்து முறுக்குப் புழியிறா, மாவு பதம் சரியில்ல, ஒடையிது, அவ முறுக்கத் திட்டுறா, மாவத் திட்டுறா, என்னையத் திட்டுறா. பின்னாலேருந்து மக சிரிக்கிறா. அவ மொகம் அதுல வராது, அவதான எடுக்குறா. சிரிப்பு மட்டும் கேக்கும். அம்மா, இன்னொருக்கா திட்டும்மா, சரியா விழலேன்னு சொல்றது கேக்கும்.

அத அழகம்மா ஒரு தடவ கேக்கணும். அவ பேசி நாளாச்சு தம்பி. குளவி கொட்டுன வீக்கமெல்லாம் வடிஞ்சிருச்சு, கண்ணு தெறந்துருச்சு, டொக்டரும் இனிப் பயமில்லன்னுட்டாரு. ஆனா வாயத் தெறக்க மாட்டேங்குறா. சோத்தப் போட்டு வச்சா பாத்துக்கிட்டே இருக்கா. காலையில பிரட்டுல வேலைக்குப் பேரு கூப்பிடுற நேரத்துக்கு எந்திரிச்சு, தலையில துண்டக் கட்டிக்கிட்டு, வாசப்படியோட நின்னுருறா. நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க? இந்தச் சிரிப்பக் கேட்டாளாவது கத்தி அழுவாளான்னு பாக்குறேன். அழுதா போதும் எனக்கு.

இங்கயே போட்டுக் காட்டலாம்தான், ஒங்க நல்ல மனசு. கடையில வச்சு அழ முடியுமா அவளால? நாலு பேரு சார்ஜர் வாங்க வந்து நிப்பாங்க. வீட்ல, கதவச் சாத்திக்கிட்டு, அவ மக வாங்கிட்டு வந்த மெசினுல, அவ மக எழுதுன சீடியப் போட்டு ஓட்டணும். பென்ட்ரைவுல ஏத்துனா அது நீங்க ஏத்துனது. இது ஓடுச்சுன்னா அவ ஏத்துனது. பைத்தியக்காரத்தனம்தான். எனக்கே தெரியிது.

சரி, எடுங்க. ஆறாவது வரியில அவளே எழுதியிருக்கா, ஒன்னும் நடக்கலேன்னா வெக்கப்படாம தெரிஞ்ச ஆளுகிட்டக் கேளுங்கன்னு. கேட்டுட்டேன், நீங்க சொல்றீங்க. எடுங்க. பாத்து, மெதுவா. மேல எழுதியிருக்கிறது அவ கையெழுத்து, வெரல் படாம ஓரத்தப் புடிச்சு எடுங்க.

என்ன எழுதியிருக்குன்னா? படிங்க, தமிழ்தான. அப்பா, இந்தப் பக்கம் மேலே. அது ஒரு பழைய கத. அவ சின்னப் புள்ளையா இருந்தப்ப தவணைக்கு ஒரு சீடி டெக்கு எடுத்தோம். மொத நாளே நான் படத்து சீடியத் தலகீழாப் போட்டுட்டு, ஓடலேன்னு டெக்கு மண்டையில ரெண்டு தட்டு தட்டிட்டேன். ஒரு வாரம் சிரிச்சா. அதுலேருந்து எந்த சீடி கையில கெடச்சாலும் எனக்காக எழுதிருவா, இந்தப் பக்கம் மேலேன்னு.

என்ன தம்பி, திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க? கறையா? எங்க, காட்டுங்க.

ஓ.

அது கறையில்ல தம்பி. சந்தனம். நடுவுல செவப்பா இருக்கிறது குங்குமம். அம்புட்டும் காஞ்சு போயி ஒட்டிக்கிச்சு. அப்ப அதுதானா டொக் டொக்குன்னது? ஒரு சுத்துக்கு ஒரு சத்தம், அப்பவே எங்காதுக்குத் தெரிஞ்சுச்சு பாருங்க, மூளைக்குத்தான் தெரியல. இந்த எழுத்தில்லாத பக்கமா, மினுங்குதே, இந்தப் பக்கத்தையா மெசினு படிக்கிது? அவ எழுதியிருக்கிற பக்கத்தப் படிக்கும்னுல்ல நான் நெனச்சேன். எழுத்து இருக்கிற பக்கந்தான படிக்கிற பக்கம்?

நாந்தான் வச்சேன். எட்டாம் நாளுக்குப் படைச்சப்ப அவளுக்குப் புடிச்சதெல்லாம் படத்துக்கு மின்ன வைக்கச் சொன்னாங்க. மீன் அடைச்ச மாலு பணிசு வச்சேன், சாயத் தேத்தண்ணி ஊத்தி வச்சேன், இந்த சீடியையும் வச்சேன். அவ கடசியாச் செஞ்ச வேல. எல்லாத்துக்கும் ஒரு பொட்டு வச்சுக்கிட்டே வந்தவன், இதுல எழுத்து மேல வச்சா அழிஞ்சிருமேன்னு திருப்பிப் போட்டு இந்தப் பக்கம் வச்சேன்.

ஆமா தம்பி. நாளைக்கு அவளுக்கு முப்பத்தொன்னாம் நாள்.

திங்கக்கெழம கொழும்புக்குப் போக இருந்தவ, சனிக்கெழம அம்மாவுக்கு மலைக்குத் தேத்தண்ணி கொண்டு போனா. குளவி கெளம்பிருச்சு. எல்லாரும் ஓடிட்டாங்க, அழகம்மா தண்ணி ஓடுற கான்ல தடுக்கி விழுந்துட்டா. மக அம்மா இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்க அவுத்து, அம்மா மேலயே போட்டு மூடி, அதுக்கு மேல அவ படுத்துக்கிட்டா. லொறியில ஏத்துறப்ப மூச்சு இருந்துச்சு. டிஸ்பென்சரிக்குப் போறப்ப இல்ல.

நீங்க அழுவாதீங்க. வேலையப் பாருங்க. தொடைச்சா ஓடுமா? ஒரு மணி நேரத்துலயா? அவ எழுதுன மாதிரியே. அப்ப ஓடட்டும்.

என்னது, வட்டமாத் தொடைக்கக் கூடாதா? நடுவுலேருந்து வெளிய, ஈரத் துணியில. சரி, வெளங்குது. இல்ல, துணிய எங்கிட்டக் குடுக்காதீங்க. நீங்களே தொடைங்க தம்பி. எம் புள்ளைக்கு வச்ச பொட்ட நான் எப்பிடி அழிக்கிறது? நான் அந்தப் பக்கம் பஸ்ஸுகளப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். முடிஞ்சதும் ஒரு சத்தம் குடுங்க.