நான்காவது வரிசைப் பலகை

லேமினேட் தரை போடுவது பெரிய வித்தை இல்லை, சார். கீழே ஃபோம் ஷீட் விரித்து, ஒரு பலகையின் விளிம்பை இன்னொன்றின் காடியில் சாய்த்துச் செருகி அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம். பெங்களூரில் ஒன்பது வருடம் இந்த வேலைதான் செய்தேன். என் வீட்டில் சிமென்ட் தரை.

பிரபாகர் என்னோடு அதே வேலைக்கு வந்தவன். ஒரே அறையில் சமைத்துச் சாப்பிட்டோம். ஆறு வருடத்துக்கு முன்னால் கடத்தூருக்கு நான் பெண் பார்க்கப் போனபோது அவனைத் துணைக்குக் கூட்டிப்போனேன். பெண் கோகிலவாணி. காபி கொண்டுவந்து கொடுத்தாள். தட்டைப் பிடித்திருந்த அவள் விரல்களைத்தான் நான் பார்த்தேன், முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சம். கிளம்பும்போது அவள் அப்பா என்னிடமே கேட்டார். "கூட வந்திருக்கற தம்பிக்குக் கண்ணாலம் ஆயிடுச்சுங்களா?"

நாலாம் நாள் பிரபாகர் வந்து நின்றான். "கதிரவா, அவங்க என்னயக் கேக்கறாங்கடா. நீ வேணாம்னு சொன்னா நானும் வேணாம்னுடறேன்."

"எனக்கென்னடா, பண்ணிக்க" என்றேன். அவன் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவன் நான். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. பானுமதியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

போன மாதம் பிரபாகர் நல்லம்பள்ளியில் வீட்டைப் பெரிதாக்கிக் கட்டினான். முன்வாசலும் கூடத்துக்குள் சேர்ந்துவிட்டது. அதனால் வாசலில் இருந்த பழைய சம்பு, அந்தத் தண்ணீர்த் தொட்டி, நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. இரண்டடிச் சதுர வாய், எட்டடி ஆழம், முக்கால்வாசி தண்ணீர். மேலே கடப்பாக் கல் மூடி. "வெளிய புதுசா ஒண்ணு கட்டிட்டேன். கல்லு மேலயே பலகையப் போட்டுருடா" என்றான். தரை வேலையை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவனும் அவன்தான்.

வேலை நடந்த மூன்று நாளும் கோகிலவாணிதான் டீ கொடுத்தாள். "அண்ணா, சூடா இருக்கு, பாத்துங்க" என்பாள். பாதி முடிந்த தரையில் வெறுங்காலோடு நடந்து பார்த்துச் சிரித்தாள். "இது நம்ம வூடுதானான்னு இருக்குதுங்கண்ணா." அண்ணா என்று கூப்பிடுவது மரியாதைதான்.

அதில் ஒரு நாள் மதியம் அவர்கள் கடைக்குப் போயிருந்தபோது கடப்பாக் கல்லை நகர்த்தி எடுத்தேன். தனியாளாகக் கல் தூக்கி எனக்குப் பழக்கம். சம்பு வாயில் மெல்லிய ப்ளைவுட் ஒன்றை வைத்து, அதன்மேல் நான்காவது வரிசைப் பலகைகளைப் பூட்டினேன். ஆள் கடந்து போனால் தாங்கும். நின்றால் தாங்காது.

மாட்டை நினைத்துத்தான் செய்தேன். புதுமனை புகும்போது முதலில் பசுவை உள்ளே ஓட்டுவது வழக்கம். பசு கால் உடைந்து விழுந்த வீட்டில் யாரும் குடியிருக்க மாட்டார்கள். எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

புதுமனை புகும் நாளில் பசு வந்தது. வாசற்படி தாண்டி ஒரு குளம்பு வைத்தது, வழுக்கியது, பின்வாங்கியது. இழுத்தார்கள், தள்ளினார்கள். பிரபாகரின் அம்மா கண்ணம்மாள், "மாட்டுக்கே புடிக்கலடா பிரபாகரு. நாளைக்கு நான் வழுக்கி வுழுந்தா நீதான் தூக்கோணும்" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். சாக்கு விரித்தால் மாடு ஏறிவிடும். அது எனக்குத் தெரியும்.

நான் சாக்கு எடுக்கவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக் கோகிலவாணி கையில் கொடுத்தேன். "உள்ள நின்னு காட்டும்மா, வந்துரும்" என்றேன். அவள் மாட்டைப் பார்த்தபடி பின்னால் நடந்தாள். "இங்கயாங்கண்ணா?" என்றாள். "இன்னும் ரெண்டடி" என்றேன். நின்றாள்.

பலகை உடைந்த சத்தம் அதிகம் இல்லை. பிரபாகர் உடனே அந்த ஓட்டைக்குள் குதித்தான். நான் இரண்டு எட்டு தள்ளித்தான் இருந்தேன். விளிம்பில் ஒரு கை வந்து பிடித்தது. அவள் விரல்கள். முன்பு தட்டில் பார்த்தவை. நான் குனியவில்லை. பிறகு அவை இல்லை. பிரபாகரை மட்டும் உயிரோடு கயிறு போட்டுத் தூக்கினார்கள்.

ஆம், சார். மாட்டுக்கு என்று வைத்தேன். அவளை அங்கே நிறுத்தியது நான்தான், தெரிந்தேதான்.

காரணம் பொறாமை என்று வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அவனும் இப்போது என்னைப் போலத்தான், கோகிலவாணி இல்லாமல் இருக்கிறான். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.