பதினேழு கம்பிகள்

காலையில் எங்கள் வீட்டில் காப்பி போடுவது நான்தான். அவளுக்குச் சர்க்கரை அரைக் கரண்டி. கொடுமைக்காரக் கணவன் என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நானும் அவளும் உங்கள் ஆய்வகத்தில் ஒரே வேலையில் இருந்தோம். முடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய உலோகக் கம்பியைக் கடுங்குளிரில் வைத்தால் மின்தடை சுத்தமாக மறைந்துவிட வேண்டும். ஆறு வருடம் முயன்றேன். என் கம்பிகளில் தடை குறைந்ததே தவிர மறையவில்லை. அவளுக்கோ ஏழாவது மாதமே ஒரு கம்பியில் பூஜ்யம் வந்துவிட்டது. நீங்களே கைதட்டி, "கைராசிக்காரிம்மா நீ" என்றீர்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது.

ஒரு கம்பியை வைத்துக் கட்டுரை எழுத முடியாது. இன்னும் பலவற்றில் அதே முடிவு வர வேண்டும். அந்தக் கம்பிகளுக்கோ நம் விரல்தான் எமன். உடம்பில் தேங்கியிருக்கும் மின்சாரம் பட்டாலே கருகிவிடும். அதைத் தரைக்குக் கடத்தும் எர்த் பட்டையை மணிக்கட்டில் கட்டாமல் யாரும் இணைப்பைத் தொடுவதில்லை. அவள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, கம்பளிச் சட்டையோடு, பட்டை இல்லாமல் நான் தொடுவேன். சத்தம்கூட வராது. அப்படிப் பதினேழு கம்பிகள்.

"பட்டை கட்டியிருந்தேன்பா, சத்தியமா" என்று ஒவ்வொரு முறையும் அழுவாள்.

"சில பேர் உடம்பு வாகு அப்படி. உன் கையிலதான் ஏதோ இருக்கும்மா" என்று தலையைத் தடவிக்கொடுப்பேன்.

பத்தாவது கம்பிக்குப் பிறகு இரண்டு கையுறை போட ஆரம்பித்தாள். பதினைந்தாவதுக்குப் பிறகு வீட்டில் சுவிட்சைத் தொடவே பயந்தாள். அப்புறம் வேலையை விட்டுவிட்டாள். மகள் பிறந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் அவள் குழந்தையைக் கையால் தூக்கியதில்லை; தூக்கினால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமாம். பால் கொடுக்கும்போதும் குழந்தையை நான்தான் பிடித்துக்கொள்கிறேன்.

நேற்று டெக்னீஷியன் என்னைப் பார்த்தது பதினெட்டாவது கம்பியைத் தொடும்போது. அது அவள் இடத்துக்கு வந்தவருடையது. அவருக்குச் சரியாக வந்துவிட்டால், தன் முதல் கம்பி சரிதான் என்று இவளும் திரும்பி வர யோசிக்க ஆரம்பித்துவிடுவாள் இல்லையா.

எல்லாம் நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: இது அவளுக்குத் தெரிய வேண்டாம். அவள் மனசு தாங்காது. அவளை அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறேன்.