பதினோரு வெள்ளிக்கிழமைகளின் தண்ணீர்

கலங்கிய தண்ணீரைத் தெளிய வைப்பது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மணல் என்றால் பத்து எண்ணுவதற்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் என்றால் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம். களிமண் மட்டும் உட்காரவே உட்காராது. ஒரு பீப்பாய்த் தண்ணீரை மூன்று மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன். பால் கலந்தது போலவே நின்றது. அந்தச் சின்னப் பிரச்சினை மூன்று நாள் என் மூளையைக் குடைந்தது.

உங்கள் விசாரணை மேஜைமேல் இருக்கும் பதினோரு பாட்டில்களைப் பற்றித்தான் சொல்கிறேன். சீல் உடையவில்லை, கையெழுத்து சரி, தேதி சரி, உள்ளே இருப்பது கண்ணாடி போன்ற தண்ணீர். இவ்வளவு தெளிந்த தண்ணீரைக் கசியவிட்ட கரை எப்படி உள்ளுக்குள் அரித்து உடைந்தது என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் புரியாது.

வாரியத்தில் நாங்கள் ஏழு பேர். மண், நீர்ப் பாதுகாப்பு வாரியம் என்று பெயர்தான் பெரியது, உறுப்பினர் யாருக்கும் சம்பளம் கிடையாது. மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நூலகத்தின் பின்னறையில் கூடுவோம். நாற்காலிகளை நாங்களே எடுத்துப் போட்டு நாங்களே அடுக்கி வைப்போம். நான் பம்பு பழுது பார்ப்பவன், பத்தொன்பது வருடமாக உறுப்பினர். சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், வயலோரம் புல் வளருங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவன். முதல் ஆறு வருடம் என் தலையைக் கண்டாலே கதவைச் சாத்துவார்கள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு தட்டில் வெறும் மண், இன்னொரு தட்டில் புல் முளைத்த மண். இரண்டையும் சாய்த்து வைத்துப் பூவாளியால் தண்ணீர் ஊற்றுவேன். ஒன்றிலிருந்து குழம்பு மாதிரி வழியும். மற்றதிலிருந்து தெளிவாகச் சொட்டும். அந்த இரண்டு தட்டுகளால் இந்தச் சரிவு முழுவதும் வாரியத்தை நம்ப ஆரம்பித்தது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நம்பிக்கையில்தான் நான்கு வருடம் முன்பு மேட்டில் ஏரி அமைத்து மண் கரை போட்டோம். மண் கரை என்பது கொட்டிக் குவிப்பதல்ல. ஒரு சாண் உயரம் மண் பரப்பி, ரோலர் ஓட்டி இறுக்கி, அதன்மேல் அடுத்த சாண். மண்ணில் ஈரம் அளவாக இருந்தால்தான் இறுகும். அதைப் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி மண்ணை உருண்டையாகப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட வேண்டும். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. சப்பென்று ஒட்டினால் ஈரம் அதிகம். தூளாகிவிட்டால் காய்ந்த மண். எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத சந்துகள் இருக்கும், தண்ணீர் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் உருண்டை போட்டுப் பார்ப்பவன் நான். ரோலர் ஓட்டியவர் என் தங்கையின் கணவர்.

ஆறாவது அடுக்கு போட்ட அன்று மண்ணை நனைக்க வரும் தண்ணீர் லாரி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. மண் பரப்பியாகிவிட்டது, அடுத்த அடுக்குக்கும் லாரிகள் வரிசையில் நின்றன, மழைக்கு ஒரு வாரம்கூட இல்லை. உருண்டை போட்டேன். தூளானது.

அவர் ரோலரிலிருந்து இறங்கி வந்தார். "என்ன மச்சான், உருண்டை மாவா உதிருது. இன்னிக்கு நிறுத்திடலாமா?"

"நீங்க ரோலரைப் பாருங்க மாப்பிள்ளை. உருண்டையை நான் பாத்துக்கறேன்."

மறுபடி பிடித்து, முழங்கால் உயரத்திலிருந்து போட்டேன். ஐந்து துண்டாக உடைந்தது. சரி என்று எழுதினேன். அவர் ரோலரில் ஏறிப்போய் ஓட்டினார். கரை முடிந்தது. ஓரத்தில் நட்ட கல்லில் எங்கள் ஏழு பேரின் பெயரும் இருந்தது. மேற்பார்வை என்ற இடத்தில் என் பெயர் மட்டும்.

பிறகு அவர் ரோலரை விட்டுவிட்டு, கரைக்குக் கீழே இருநூறு அடி தள்ளி இடம் வாங்கி நாற்றுப் பண்ணை வைத்தார். வீடும் அங்கேயே. ஈரமான இடம், செடிகள் கிடுகிடுவென்று வளர்ந்தன. ஞாயிறுதோறும் மதியச் சாப்பாடு எனக்கு அங்கேதான்.

எல்லா மண் கரையும் கசியும். அது குற்றமில்லை. அந்தக் கசிவைச் சேர்த்து வெளியே விட, கரையின் அடியில் ஒரு குழாய் வைத்திருப்போம். கசிவு தெளிவாக இருந்தால் கரை சுகமாக இருக்கிறது. கலங்கி வந்தால் கரையின் மண்ணே கரைந்து வருகிறது என்று பொருள். உள்ளே ஒரு சுரங்கம் வெளிப்பக்கத்திலிருந்து ஏரியை நோக்கிப் பின்னால் பின்னால் நீளும். நீள நீளத் தண்ணீருக்கு வேகம் கூடும், வேகம் கூடினால் இன்னும் மண் வரும். ஏரியைத் தொடும் வரை மேலே ஒன்றும் தெரியாது. தொட்ட பிறகு அரை மணி நேரம்கூட ஆகாது.

அதனால்தான் வெள்ளிக்கிழமை பாட்டில். வாரியத்தின் பொறியாளர், சின்ன வயதுப் பெண், காலை ஒன்பது மணிக்கு அந்தக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்து சீல் வைப்பாள். அடியில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மண் படிந்தாலோ, தண்ணீர் பால் நிறமாக நின்றாலோ அது கெட்ட பாட்டில். அடுத்தடுத்து இரண்டு வெள்ளி கெட்ட பாட்டில் வந்தால் மதகைத் திறந்து ஏரியை வடித்துவிட்டு, கரையை வெட்டிப் பார்க்க வேண்டும். இந்த விதியை எழுதியவனும் நான்தான். நல்ல விதி.

முதல் கெட்ட பாட்டில் வந்த வெள்ளிக்கிழமை அவள் என்னிடம் காட்டினாள். "சார், நாலு மில்லி இருக்கு. மேல எலிவளை ஏதாவது இருக்குமோ?"

"இருக்கும்மா. அடுத்த வாரம் பாப்போம்" என்றேன்.

அந்த மண் எந்த உயரத்திலிருந்து கரைந்து வந்திருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆறாவது அடுக்கு. வெட்டிப் பார்த்தால் மேலும் கீழும் இறுகிய மண்ணுக்கு நடுவே உதிரி மண் ஒரு கோடாகத் தெரியும். குழந்தைக்குக்கூடத் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாரியத்தின் கரையே வாரியத்தின் பேச்சைக் கேட்கவில்லை என்று சரிவு முழுக்கச் சிரிப்பார்கள். புல் வரப்புகளை உழுது தள்ளுவார்கள். பத்தொன்பது வருட உழைப்பு இரண்டே மழையில் ஆற்றோடு போய்விடும். என்னை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. மண்ணைத்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை மதியம் குழாயின் வாயிலிருந்த கற்குவியலைப் பிரித்து, இருநூறு லிட்டர் பீப்பாய் ஒன்றைப் புதைத்தேன். கரைக் குழாயிலிருந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் மட்டும் பீப்பாய்க்குள் போகும். மிச்சம் கற்களுக்கு அடியிலேயே வேறு வழியாக ஓடைக்குப் போய்விடும். ஒரு சொட்டுத் தண்ணீர் பீப்பாய்க்குள் மூன்று மணி நேரத்துக்கும் மேல் தங்கி, மண்ணைக் கீழே விட்டுவிட்டு, மேல் விளிம்பிலிருக்கும் புதுக் குழாய் வழியாக வெளியே வரும். கற்களைப் பழையபடி அடுக்கிவிட்டேன். பழைய குழாய், பழைய இடம் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். மணலும் வண்டலும் நின்றுவிட்டன. களிமண் மட்டும் மிதந்து வந்தது. வெள்ளிக்கு மூன்றே நாள் இருந்தது. நான் முதலில் சொன்ன பிரச்சினை இதுதான்.

வியாழக்கிழமை மாலைக்குள் அது தீர்ந்தது. அடுத்த நாள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அவள் நிம்மதியாகச் சிரித்தாள். "சும்மா பயந்துட்டேன் சார்." உங்கள் மேஜையில் இருக்கும் முதல் பாட்டில் அதுதான். அவள் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து நிரப்பிவிட்டாள் என்று வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறீர்களாம். தவறு. அவள் விதிப்படி, அந்த இடத்தில், அந்த நேரத்தில்தான் பிடித்தாள். இதைச் சொல்லத்தான் நானாக வந்தேன். செய்யாத தப்புக்கு ஒருவர் பழி சுமப்பது எனக்குப் பிடிக்காது.

பீப்பாயை வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. முதல் வாரம் ஒரு வாளி மண். நான்காவது வாரம் ஐந்து. ஒன்பதாவது வாரம் பதினாறு. பீப்பாய்க்கு வராமல் ஓடைக்குப் போனது தனி. அதனால் கரை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று என்னைவிடத் துல்லியமாக யாருக்கும் தெரிந்திருக்காது. வாளி மண்ணைச் சாக்கில் கட்டி எடுத்துப்போய் என் வீட்டு எலுமிச்சைக்குப் போட்டேன். மண்ணை வீணாக்கக் கூடாது என்பதுதானே வாரியத்தின் கொள்கை. நன்றாகக் காய்த்தது.

எட்டாவது வாரத்துக்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு மாப்பிள்ளை ஒரு ஜாடியோடு வந்தார். அவர் கிணற்றுத் தண்ணீர், காவி நிறம். கரைதான் கரைகிறது என்றார். பொறியாளர் தன் பாட்டில்களை வரிசையாக அவர் முன்னால் வைத்தாள்.

"ரோலர் ஓட்டினவர் இப்ப கரைக்கு வைத்தியம் பாக்க வந்துட்டாரு" என்றார் எங்கள் தலைவர்.

நானும் ஏதாவது சொல்லாவிட்டால் நன்றாக இருக்காது. "மாப்பிள்ளை, கிணத்தைத் தூர் வாரி எத்தனை வருஷம் ஆச்சு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். நாற்காலிகளை அடுக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மச்சான், அந்த உருண்டை. அது மாவாத்தானே உதிர்ந்துச்சு?"

"நாலு வருஷத்துக்கு முந்தி உதிர்ந்ததெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு, மாப்பிள்ளை."

"எனக்கு இருக்கு. ஆனா நீங்க சரின்னு எழுதினீங்களேன்னுதான் அங்க வீடு கட்டினேன்."

கடைசி நாற்காலியையும் அடுக்கிவிட்டு ஜாடியை எடுத்துக்கொண்டு போனார். என்மேல் அவருக்கு எப்போதும் மரியாதை உண்டு.

அந்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போவதை நிறுத்தினேன். முட்டி வலி என்று சொன்னேன். வலி உண்மைதான், வாளி தூக்கித் தூக்கி வந்தது. பதினோராவது பாட்டிலுக்கு இரண்டு நாள் கழித்து, ஞாயிறு காலை பத்து மணிக்குத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, முட்டி எப்படி இருக்கு? இன்னிக்காவது வாங்களேன். இவரு உங்க மேல கோவமெல்லாம் இல்ல, நீங்களாத்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கீங்க."

"அடுத்த வாரம் பாக்கலாம்மா."

"இதையேதான் போன வாரமும் சொன்னீங்க. சரி, டப்பாவில போட்டு வெக்கறேன்."

நீங்கள் இங்கே வந்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். காரணம் கேட்டிருப்பாள். பதினொன்றே காலுக்குக் கரை உடைந்தது. பண்ணையில் அவர், சமையலறையில் அவள்.

ஆறாவது அடுக்கைக் காய்ந்த மண்ணோடு விட்டவன் நான். பீப்பாயைப் புதைத்தவன் நான். பதினோரு வாரமும் எத்தனை வாளி என்று தெரிந்திருந்தவன் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கரையை உடைத்தவன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் தண்ணீரைத் தெளிய வைத்தேன், அவ்வளவுதான்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. அந்த வியாழக்கிழமை மாலை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கிணற்றுத் தண்ணீர் அந்த வாரம்தான் கலங்க ஆரம்பித்திருந்தது. குடிக்கக் கேட்டேன். குடத்துக்குள் கையை விட்டு எதையோ நாலு சுற்று சுற்றினாள்.

"கொஞ்சம் பொறுங்கண்ணா, இப்ப தெளிஞ்சிடும்."

களிமண் துகள்கள் எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம் இருக்கிறது, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் மிதக்கின்றன. அந்தத் தள்ளலை அணைத்துவிட்டால் ஒட்டிக்கொண்டு, கனத்து, கீழே இறங்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான், அவள் குடத்தைப் பார்க்கும் வரை தோன்றவில்லை. தம்ளரைத் தந்தாள். குடித்தேன். சுத்தமான தண்ணீர். கிளம்பும்போது அந்தக் கட்டியையே ஒரு துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள்.

படிகாரம். கைப்பிடி அளவுக் கட்டி, சாக்குத் துணியில் கட்டி, தண்ணீர் பீப்பாய்க்குள் விழும் இடத்தில் தொங்கவிட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டியை மாற்ற வேண்டும். எவ்வளவு கலங்கலாக வந்தாலும் தெளிந்துவிடும்.