மூச்சுத் துணை

மனித உயிரைவிட மேலானது இந்த உலகத்தில் எதுவும் இல்லை. இந்த வாசகத்தை எழுதியவன் நான்தான் ஐயா. சுரங்கப் பாதை வேலைக்காக மலை உச்சியில் போட்ட முகாமில், சாப்பாட்டுக் கூடத்திலும் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் அது ஒட்டியிருக்கிறது. கழிப்பறையில் ஒட்டியதைத்தான் எல்லோரும் முழுதாகப் படித்தார்கள்.

நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. அந்த உயரத்தில் காற்று மெலிவு. தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டால் எழுப்ப ஆள் வேண்டும். அதனால் 'மூச்சுத் துணை' என்று ஒரு விதி கொண்டுவந்தேன். அறைக்கு இருவர், ஒருவர் மூச்சுக்கு மற்றவர் பொறுப்பு. என்னோடு தங்கியவர் என் தங்கை கணவர். நில அளவையாளர். ஏற்கெனவே தூக்கத்தில் மூச்சு நிற்கும் வியாதிக்காரர்.

"அண்ணே, அவர் முகமூடியைக் கழட்டாம படுக்குறாரான்னு மட்டும் பாத்துக்க. வேற யாரை நம்பி நான் அனுப்புறது?" என்றாள் தங்கை.

மாப்பிள்ளை கழற்றவே மாட்டார். தலைமாட்டில் இயந்திரம், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் உருளை, முகத்தில் முகமூடி. ஏதோ விண்வெளிக்குக் கிளம்புகிறவர் மாதிரி படுப்பார். அப்படி இருந்தும் என்ன குறட்டை. ஜல்லி அரைக்கும் இயந்திரத்தைக் கட்டிலுக்கடியில் வைத்தது போல இருக்கும். நான் திடுக்கிட்டு எழுவேன். எழுந்து பார்த்தால் வாயை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி கிடப்பார். நான் பார்க்கும்போது மட்டும் குறட்டை வராது. அவ்வளவு தந்திரம்.

அதுவும் போதாதென்று நடுவில் என் தோளைப் பிடித்து உலுக்குவார்.

"மச்சான், மூச்சு விடுங்க. மச்சான்."

"விட்டுக்கிட்டுதானேய்யா இருக்கேன்."

"நின்னுபோச்சு மச்சான். நீங்களும் ஒருதடவை டாக்டரைப் பாத்துடுங்களேன்."

வியாதிக்காரர் எனக்கு வைத்தியம் சொல்கிறார். பாதுகாப்பு அதிகாரிக்கே மூச்சு நிற்கிறது என்று வெளியே தெரிந்தால் மறுநாளே கீழே அனுப்பிவிடுவார்கள். அதற்குத்தான் அடிபோடுகிறார் என்று நினைத்தேன். அறை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டீர்கள். விதியை எழுதியவனே அதிலிருந்து விலக்குக் கேட்டால் நாளைக்கு எவன் மதிப்பான்?

தூக்கமில்லாதவன் மனிதனே இல்லை ஐயா. பகலில் தலைவலி. பாதுகாப்பு உரையாற்றும்போது நின்றபடியே கண் சொருகியது. ஹெல்மெட் விழுந்து உருண்டது, ஓட்டுநர்கள் கைதட்டினார்கள். அன்று மாப்பிள்ளைதான் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, எல்லோர் எதிரிலும் என் தலையில் வைத்துவிட்டார். அதை நான் மறக்கவில்லை.

அன்றிரவு எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அசதிதான். வழக்கம் போல அந்தக் குறட்டை எழுப்பியது. எழுந்து இயந்திரத்தின் எச்சரிக்கை ஒலியை முதலில் நிறுத்தினேன். பக்கத்து அறைக்காரர்கள் தூங்க வேண்டும் அல்லவா. பிறகு மின்சாரத்தை நிறுத்தினேன். உருளையின் குழாயைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். தரையில் கிடந்தால் யாராவது கால் தடுக்கி விழுவார்கள். முகமூடியைத் தொடவில்லை. தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவர் பாதித் தூக்கத்தில் கையை நீட்டி என் கையைத் தடவினார்.

"மச்சான், மூச்சு வருதா உங்களுக்கு?"

"வருது மாப்பிள்ளை. தூங்குங்க."

அவர் கொஞ்ச நேரம் திணறினார். மூச்சுத் துணை என்ற முறையில் எழுப்பியிருக்க வேண்டியவன் நான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஆக, கொன்றது நான்தான். அதில் உங்களுக்குச் சிரமம் வைக்கவில்லை. ஒரு மனிதனுக்கு நிம்மதியாகத் தூங்க உரிமை உண்டு என்பதை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு சந்தேகம். நடுநிசிக்கு முன்பே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். விடியும்வரை அந்தக் குறட்டை என்னை எழுப்பிக்கொண்டேதான் இருந்தது.