மாற்றி எழுதாத கைக்கு

தக்கோராடித் துறைமுகத்தின் முதலுதவி அறையில் முப்பத்தோராண்டுகள் முறிந்த எலும்பையும் முனகும் உயிரையும் தாங்கிய தாயே! குருதி கண்டு கலங்காத, கோபம் கண்டு குனியாத செவிலிப் பெருந்தகையே! எங்கள் எக்குவா மென்சிமா சிஸ்டரே! உங்கள் பணிநிறைவு விழாவுக்கு வணங்கி வரவேற்கிறோம்.

உங்களைப் புகழுமுன் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லாத மடல் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கத் தகுதியற்றது.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு முற்பகலில், மூன்றாம் துறைமேடையில் மரக்கட்டைகளைத் தூக்கிய கம்பிவடம் அறுந்தது. அடியில் நின்ற ஈபோ டாட்சியின் இடக்கால் முழங்காலோடு நசுங்கியது. ஓடிவந்த நீங்கள் தலைத்துணியை அவிழ்த்து அவர் தொடையில் இறுக்கினீர்கள். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் அவர் உயிர் உங்கள் இரு கட்டைவிரல்களின் அடியில்தான் இருந்தது.

கைகழுவித் திரும்பினால், வாசலை அடைத்து நின்றார் சரக்கேற்றும் நிறுவனத்தின் மேலாளர் ஹேஃபோர்டு.

"சிஸ்டர், குடிச்சிட்டு வந்தான்னு ஒரு வரி எழுதிடுங்க."

"அவன் வாய்க்கிட்டதான் என் மூக்கு இருந்துச்சு சார். காலையில தின்ன கெங்கே சோளக்களியும் மீனும்தான் மணந்துச்சு."

"வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். அதனாலதான் ஒழுங்கா எழுதுறேன்."

விபத்துப் பதிவேட்டில் குடிவாசனை இல்லை என்று எழுதினீர்கள். வடத்தின் இழைகள் துருவேறிப் பிய்ந்திருந்தன என்று எழுதினீர்கள். அத்தோடு நிறுத்தியிருந்தால் அன்றே உங்களைத் தோளில் தூக்கியிருப்போம். மூன்றாவதாக, தொங்கும் சுமைக்கு அடியில் அவர் நின்றது விதிக்குப் புறம்பானது என்றும் எழுதினீர்கள்.

கொதித்தோம். அந்த வரியைக் காட்டியே வக்கீல்கள் இழப்பீட்டை விழுங்கிவிடுவார்கள் என்று அஞ்சினோம். ஈபோவின் மனைவி அட்வோவா, முதுகில் கட்டிய குழந்தையோடு வந்து உங்கள் கையைப் பிடித்தார்.

"சிஸ்டர், அந்த ஒத்த வரியை அடிச்சிடுங்க. காலும் போயி, சோறும் போகணுமா?"

சங்கச் செயலாளர் கோபினா மேசையில் ஓங்கி அடித்தார். "நீங்க யாரு பக்கம்?"

"உங்களுக்காக ஒரு வரியை அடிச்சா, அந்த மேனேஜருக்காக ஒரு வரி ஏன் எழுதலைன்னு கேப்பாங்க. அப்ப நான் என்ன சொல்லட்டும் கோபினா?"

அட்வோவாவோடு சேர்ந்து அழுதீர்கள்; ஆனால் பேனாவைத் தொடவில்லை.

வழக்கு பதினாறு மாதம் இழுத்தது. அத்தனை மாதமும் உங்கள் காலை வணக்கத்துக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. 'கம்பெனிக்காரி' என்று கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினோம். எழுதிய அதே கையில் ஆணி குத்தியபோது கட்டுப் போட்டவரும் நீங்களே!

செக்கொண்டி நீதிமன்றத்தில், கூண்டில் நின்ற உங்களை நிறுவனத்தின் வக்கீல் மடக்கப் பார்த்தார்.

"இந்தப் பதிவேடே தொழிலாளிக்குச் சாதகமா எழுதினதுதானே?"

"மூணாவது வரியையும் சத்தமாப் படிங்க ஐயா."

படித்தார். பாதியிலேயே அவர் குரல் தணிந்தது. தொழிலாளிக்குப் பாதகமானதை மறைக்காத கை, நிறுவனத்துக்குப் பாதகமானதை இட்டுக்கட்டியிராது என்றார் நீதிபதி. துருவேறிய வடமே காரணம் என்று தீர்ப்பாயிற்று. அடியில் நின்றதற்காக இழப்பீட்டில் ஒரு சிறு பங்கு கழிந்தது. மீதி முழுவதும் ஈபோவின் குடும்பத்துக்குக் கிடைத்தது.

நீதிமன்றப் படியில் கோபினா உங்களிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். நீங்கள் காதில் வாங்கவே இல்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். மூணாம் மேடையில வடத்தை மாத்திட்டாங்களா? போய்ப் பாரு."

போய்ப் பார்த்தோம். அறுந்த முனையை இரும்புக் கவ்வியால் இணைத்து, அதே வடத்தைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை ஒருவரும் சுமையைத் தொடவில்லை. மதியத்துக்குள் புதுவடம் வந்தது. இன்றுவரை அந்த மேடையில் வடம் அறுந்து எவரும் விழவில்லை.

அன்று நீங்கள் காதில் வாங்காத மன்னிப்பை இன்று, உங்கள் பிள்ளைகளும் பேரர்களும் கேட்க, எழுந்து நின்று கேட்கிறோம். நோயின்றி, நெடுங்காலம், நிறைந்த உறக்கத்தோடு வாழ்வீராக!

கோபினா ஆர்க்கோஃபுல்
ஈபோ டாட்சி
மற்றும் மூன்றாம் துறைமேடைத் தொழிலாளர்