செம்புத் தண்டுக்கு ஒரு குவளை காப்பி

ஜாவாவில் எங்கள் மாலாங் பக்கத்தில் மழை எப்போது வரும் என்று கேட்டால், ஒலிபெருக்கி லாரிகள் யார் சத்தம் பெரிது என்று போட்டிக்கு வரும் நாளில் வரும் என்பார்கள், ஐயா. அன்றும் வந்தது.

நான் கஸ்மானி. வீட்டு உயரத்துக்கு ஒலிபெருக்கி அடுக்கிய எங்கள் ஊர் லாரிக்குப் பதினான்கு வருடம் மின்சார வேலை பார்த்தவன். ரப்பர் சக்கரத்தில் நிற்கும் வண்டியில் எங்காவது மின்சாரம் கசிந்தால் இரும்பு உடம்பு முழுக்கப் பரவிவிடும். மேலே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கீழே ஈர மண்ணில் நின்று தொடுகிறவன் போய்ச் சேர வேண்டியதுதான். அதனால் மண்ணில் ஒரு செம்புத் தண்டை அறைந்து, வண்டியிலிருந்து கம்பி இழுத்து அதில் கட்டுவோம்; கசிகிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். நான் தண்டின் அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவேன். மண்ணுக்கு மரியாதையாக ஒரு குவளை காப்பியும் ஊற்றுவேன். பதினான்கு வருடத்தில் ஒருவருக்கும் சுருக்கென்றுகூட இருந்ததில்லை.

பிறகு சுராபாயாவில் படித்த பிராயித்னோ வேலைக்கு வந்தான். நல்ல மனிதன், குறை சொல்ல மாட்டேன். முதல் நாளே ஊர் முன்னால் கேட்டான்:

"என்னண்ணே, மண்ணுக்குக் காப்பியா? சக்கரை போட்டீங்களா, இல்ல மண்ணுக்கும் சுகரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் முதலாளி ஹர்ஜோ, "கஸ்மானி, இனிமே பிராயித்னோதான் பெரிய ஆளு. நீ வயர் சுத்து, தண்டு அடி, போதும்" என்றார். சுற்றினேன். மைக்கில் அவன் பெயரைச் சொன்னபோதெல்லாம் வயிறு எரிந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

போட்டியன்று ஊர்க்கூடத்திலிருந்து மின்சாரம் எடுத்தோம். காலையிலேயே ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு வயரை இரும்பில் சாய்த்து வைத்திருந்தேன். தண்டை அறைந்தேன். உப்புத் தண்ணீர், காப்பி, எல்லாம் முறைப்படி. கம்பியை மட்டும் அதன் பிளாஸ்டிக் தோலை உரிக்காமல் சுற்றினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மற்றவர்கள் மேலே ஏறிய பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது பாருங்கள்.

லாரியின் மேல் கம்பளம் விரித்திருக்கும். செருப்போடு ஏறுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. பிராயித்னோ கடைசியாக வந்து, சேற்றில் நின்று செருப்பைக் கழற்றினான்.

"எர்த் கட்டியாச்சாண்ணே?"

"கட்டியாச்சு. காப்பியும் குடுத்தாச்சு. ஏறு."

சிரித்துக்கொண்டே இரும்பு ஏணியைப் பிடித்தான். நான் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தேன்.

ஆமாம், கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா: அவன் பையில் சோதனைக் கருவி இருந்தது. படித்தவன், ஒரு தொடு தொட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்காமல் என் வார்த்தையை நம்பி ஏறினான் என்றால், அது என்மேல் வைத்த மரியாதை. அந்த மரியாதையை முதல் நாளே காட்டியிருந்தால், பாவம், இன்று உயிரோடு இருந்திருப்பான்.